மடக்குக் கத்தியும் மலைப்பூண்டும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகச் சென்று பாம்பாடுஞ்சோலையைக் கடந்தால் வட்டவடை. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள மலைப் பஞ்சாயத்து அது. கோவிலூரிலும் கொட்டாக்கொம்பூரிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் படிப்படியாக வெட்டிய நிலங்களில் பூண்டும், காரட்டும், முட்டைக்கோஸும், உருளைக்கிழங்கும், பீன்ஸும் பயிரிட்டு வருகின்றன. மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் அடுத்தபடியாக அங்கே ஒரு விவசாயியின் கைக்கு அதிகம் வேண்டியிருப்பது ஒரு சின்னக் கத்திதான். உரச் சாக்கின் வாயைப் பிரிக்க, கட்டுக் கயிறு அறுக்க, பூண்டுத் தாளை நறுக்க, கோஸின் மேல் இலையைக் களைய, விதைக்கிழங்கை முளைக்கொன்றாகத் துண்டு போட என்று காலை முதல் மாலை வரை அதற்கு வேலை ஓய்வதில்லை.

இந்த வேலைகளையெல்லாம் இதுநாள்வரை சந்தையில் வாங்கிய சாதாரணக் கத்தி செய்து வந்தது. கூர் மழுங்கினால் பாறையில் இரண்டு இழுப்பு. கைப்பிடி கழன்றால் துணியைச் சுற்றி ஒரு கட்டு. இப்போதோ இளைஞர்களின் பார்வை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் கொண்டு வந்த மடக்குக் கத்தியைப் பார்க்கிறார்கள். கைப்பேசியில் ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா என்று விதவிதமான கத்திகளைப் பார்க்கிறார்கள். 'இந்தத் தடவை பூண்டு போட்டதும் நல்ல கம்பெனிக் கத்தி ஒன்று வாங்க வேண்டும்' என்ற ஆசை எழுகிறது. 'கிழங்கு அறுக்கிற கத்திக்கு ஆயிரக் கணக்கில் பணமா?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இது வெறும் வீட்டுச் சச்சரவு என்று தள்ளிவிடக் கூடியதன்று. ஒரு பொருளின் பெயருக்காக எவ்வளவு அதிக விலை கொடுக்கலாம் என்பதே இங்குள்ள கேள்வி. வட்டவடைப் பூண்டை வாங்க வருகிறவர் வட்டவடையைப் பார்த்துக் கேட்கும் கேள்வியும் இதேதான்.

பெயர் எதற்கு?

காந்தளூர், வட்டவடைப் பகுதிப் பூண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும், நாள்பட வைத்தாலும் கெடாத தன்மையும் அந்தப் பூண்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை. வேறு எங்கோ விளைந்த பூண்டை இந்தப் பெயரில் யாரும் விற்கக் கூடாது என்பதே குறியீட்டின் நோக்கம். அதாவது, 'எங்கள் பெயரை நம்பி நாலு காசு கூடக் கொடுங்கள். பெயருக்கு ஏற்ற பொருளை நாங்கள் தருகிறோம்' என்று மலை விவசாயி வாங்குகிறவரிடம் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது.

கத்தி செய்கிறவர்கள் இந்த ஒப்பந்தத்தை நெடுங்காலத்துக்கு முன்பே செய்துகொண்டார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் கத்திக் கொல்லர் சங்கம் 1624இல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கொல்லரின் முத்திரையையும் பதிவு செய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்து வந்த மலிவுக் கத்திகள் சிலவற்றில் ஷெஃபீல்டு என்ற பொய் முத்திரை இருந்தது. இத்தகைய மோசடிகளைத் தடுக்க 1887இல் பிரிட்டனில் வணிகக் குறிச் சட்டம் வந்தது. 'ஜெர்மனியில் செய்யப்பட்டது' என்ற வாசகம் உலகமெங்கும் பரவியதற்கு இதுவே தொடக்கம். ஏளனமாகக் கருதி ஒட்டிய அந்தச் சீட்டையே பிறகு ஜெர்மானியர்கள் தரத்தின் சின்னமாக மாற்றிக் காட்டினார்கள். ஸோலிங்கன் என்ற பெயரும் 1938இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது.

பாதுகாக்கத் தவறியவர்களின் கதையும் உண்டு. பிரான்ஸில் லாகியோல் என்று ஒரு மலைக் கிராமம். மெல்லிய, வளைந்த மடக்குக் கத்திக்குப் பெயர் பெற்றது. அந்தப் பெயரைக் கிராமம் உரிய காலத்தில் காத்துக்கொள்ளவில்லை. கிராமத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அதைப் பல பொருள்களுக்கு வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டார். ஆசியாவில் தயாரான மலிவுக் கத்திகளும் அந்தப் பெயரில் சந்தைக்கு வந்தன. 2012இல் கிராமத்து மக்கள் தங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றி எதிர்ப்புத் தெரிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. இன்றைக்கு லாகியோல் என்ற எழுத்தை மட்டும் நம்பிக் கத்தி வாங்குகிறவர் ஏமாறலாம். செய்த பட்டறையின் பெயரையும் பார்த்தாக வேண்டும். புவிசார் குறியீடு பெற்றிருக்கும் வட்டவடைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெயர் வாங்குவதோடு வேலை முடிவதில்லை.

புதுச் சரக்கல்ல

மடக்குக் கத்தி என்பதே மேல்நாட்டு மோகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியன்று. ஓலையில் எழுதிய காலத்தில் நம்மவர் வைத்திருந்த எழுத்தாணிகளில் மடக்கெழுத்தாணி என்று ஒரு வகை இருந்தது. கைப்பிடியின் ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் ஓலையை வாரவும் நறுக்கவும் ஒரு சிறு கத்தி. இரண்டையும் கைப்பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுத்தாணி வகைகளை விவரிக்கும்போது இதையும் சொல்லியிருக்கிறார். மேல்நாட்டில் இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த கத்திதான் பேனாக்கத்தி. இரண்டு நாட்டிலும் எழுதுகிறவனின் இடுப்பிலும் பையிலும்தான் அது முதலில் குடியிருந்தது.

கத்திக்கு வேண்டிய உருக்கிலும் தென்னாட்டுக்குப் பங்குண்டு. இந்தியாவிலிருந்து ஊட்ஸ் என்ற பெயரில் லண்டனுக்குப் போன உருக்கை ஆராய்ந்து டாக்டர் ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை படித்தார். அவருக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக் கொல்லர் அந்த உருக்கில் ஒரு பேனாக்கத்தி அலகை அடித்துக் காட்டினார். பிற்காலத்தில் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்தவரும் இதே ஸ்டோடார்ட்தான். ஊட்ஸ் என்ற சொல்லே 'உக்கு' என்ற தென்னிந்தியச் சொல்லின் திரிபு என்பார்கள். ஆகவே, நல்ல கத்திக்கு ஆசைப்படுவது அந்நிய மோகம் ஆகாது. விட்டுப்போன ஒரு பழக்கம் திரும்பி வருகிறது என்று கொள்ளலாம்.

மலைக்காரர் கத்திகள்

இன்று உலகப் பெயர் பெற்ற கத்திகளில் சில, வட்டவடையைப் போன்ற மலைநாட்டிலேயே பிறந்தவை. பிரான்ஸின் ஸவாய் மலைப் பகுதியில் ஜோஸஃப் ஒபினேல் 1890இல் ஒரு கத்தியைச் செய்தார். அவருடைய தந்தை, சுற்று வட்டார விவசாயிகளுக்குக் கோடரியும் வெட்டுக் கத்தியும் அடித்துக் கொடுத்தவர். மகன் செய்ததும் விவசாயிக்கான கத்தியே: ஒரு மரப் பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம். 1955இல் அந்த வளையத்தைத் திருப்பி அலகைப் பூட்டும் வசதி சேர்ந்தது. இன்றும் அமைப்பு பெரிதாக மாறவில்லை.

ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்ஸெனர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். பிழைப்புத் தேடி மக்கள் வெளிநாடு போய்க்கொண்டிருந்த வட்டாரம் அது. உள்ளூரிலேயே வேலை உண்டாக்க வேண்டும் என்று அவர் மற்றக் கத்திக் கொல்லர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். ஸோலிங்கனின் மலிவு விலையோடு போட்டியிட முடியாமல் கடனில் சிக்கினார். சோர்ந்துவிடாமல் 1897இல் பல கருவிகள் அடங்கிய, எடை குறைந்த கத்தியைப் பதிவு செய்தார். அந்த நிறுவனம்தான் இன்றைய விக்டோரினாக்ஸ்.

இவற்றோடு ஒப்பிட முடியாத விலையில் இன்னொரு வரிசை உண்டு. கிறிஸ் ரீவ் என்ற தென்னாப்பிரிக்கர் 1980களில் உருவாக்கி, பிறகு அமெரிக்காவில் தயாரித்து வரும் ஸெபென்ஸா கத்தியை எடுத்துக்கொள்வோம். டைட்டேனியம் கைப்பிடி, விலை நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். ஸெபென்ஸா என்றால் ஜூலு மொழியில் 'வேலை' என்று பொருள். வேலை என்று பெயர் வைத்த கத்தியை வாங்கி, கீறல் விழுமே என்று அஞ்சி அலமாரியில் பூட்டி வைக்கிறவர்கள் உலகில் ஏராளம். முதல் கத்தி வாங்குகிறவர் தவிர்க்க வேண்டிய தவறு இதுவே.

முதல் கத்தி எப்படியும் கொஞ்சம் கெடும். தீட்டப் பழகும்போது அலகில் கோடு விழும், முனை மழுங்கும். பூண்டுப் பாத்தியில் தவறி விழுந்து மண்ணோடு போனாலும் போய்விடும். அப்படிப் போனால் ஒரு நாள் வருத்தத்தோடு தீர வேண்டும். குடும்பத்தின் ஒரு மாத மளிகை போனதாக இருக்கக் கூடாது. ஆகவே, பெயர் பெற்ற நிறுவனத்தின் கத்தியை வாங்கலாம். அந்த நிறுவனம் விற்பவற்றில் மிக எளியதை வாங்க வேண்டும். பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் விலையில் உருக்கின் பதம், பூட்டின் உறுதி, பழுதானால் ஏற்கும் பொறுப்பு ஆகிய மூன்று வரையில் நியாயம். அதற்கு மேல் கொடுப்பது அலங்காரத்துக்கு.

எதைப் பார்ப்பது?

முதலில் நீளம். ஏழு முதல் எட்டரை சென்டிமீட்டர் வரையிலான அலகு, மேலே சொன்ன எல்லா வேலைக்கும் போதும். கைப்பிடி அவரவர் கைக்குப் பொருந்த வேண்டும். பூண்டு அறுவடையிலும் கட்டுவதிலும் பெண்களின் உழைப்பு பெரியது. கத்தி வாங்கும்போது ஆண்பிள்ளையின் கையை மட்டும் அளவாகக் கொள்ளக் கூடாது. ஒபினேல் கத்திகளில் ஏழாம் எண், எட்டாம் எண் என்று அளவு வைத்திருப்பது இதற்காகவே. சிறுவர்களுக்கென்று முனை உருட்டிய கத்தியும் அவர்களே செய்கிறார்கள்.

அடுத்தது பூட்டு. பூட்டில்லாத மடக்குக் கத்தி, அழுத்தும்போது சட்டென்று மடங்கி விரலை வெட்டிவிடும். வட்டவடையின் மூடுபனியில் விரல் விறைத்து, கையும் ஈரமாக இருக்கும்போது இந்த ஆபத்து இரட்டிப்பு. வயல் வேலைக்குப் பூட்டுள்ள கத்தியே நல்லது. வாங்கும்போது அலகைத் திறந்து பூட்டி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், எவ்வளவு பெரிய பெயர் அதில் பொறித்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது உருக்கு. கார்பன் உருக்கு சுலபமாகக் கூரேறும். ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும், பூண்டும் எலுமிச்சையும் பட்டால் கறுத்துப்போகும். துடைத்து எண்ணெய் தடவும் பொறுமை உள்ளவருக்கு அது ஏற்றது. மழையிலும் பனியிலும் நாள் முழுவதும் நிற்கிறவருக்குத் துருப்பிடிக்காத உருக்கே நல்லது. விலை ஏற ஏற உருக்கின் கடினமும் ஏறும். கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் அத்தகைய உருக்கு மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் எளிதில் தீட்ட முடியாது. வைரத்தூள் பதித்த கல் வேண்டும். விக்டோரினாக்ஸ் போன்றவர்கள் வேண்டுமென்றே நடுத்தரக் கடினத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டணம் தொலைவில் உள்ளவருக்கு அடிக்கடி தீட்ட வேண்டிய, ஆனால் தானே தீட்டிக்கொள்ளக் கூடிய கத்தியே நல்ல துணை.

மரப் பிடியில் ஒரு குறை உண்டு. ஈரத்தில் மரம் ஊதி, அலகு வெளியே வர மறுக்கும். காயவைத்து ஆளிவிதை எண்ணெய் பூசினால் சரியாகும். அந்தக் குறையைச் சுமக்க விருப்பமில்லாதவர் பிளாஸ்டிக் அல்லது உலோகப் பிடியைத் தேர்ந்துகொள்ளலாம்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஆயுத விதிகளின் பட்டியலில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கென்றே செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி வேறு விஷயம். டில்லியில் 1980இல் வந்த அறிவிக்கை, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டிய அத்தகைய கத்திகளைக் கட்டுப்படுத்துகிறது. வயலுக்கு அது தேவையுமில்லை. வயலில் வேலைக் கருவியாக இருப்பது திருவிழாக் கூட்டத்தில் வேறு பொருளாகத் தோன்றும். அங்கே கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். விமானப் பயணத்தில் கைப்பையில் வைத்தால் நெடும்பாசேரியில் பறிகொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்துவிடுவது நல்லது.

கடைசியாக, போலி. பெயர் பெரிதாக ஆக, போலியும் பெருகும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் பாதிக் கத்திதான் கிடைக்கிறது என்று கொள்க. உரிமை பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்கினால்தான் நிறுவனத்தின் உத்தரவாதம் பயன்படும். அந்த உத்தரவாதமும் செய்முறைக் குறைக்கும் உருக்கின் குறைக்குமே பொருந்தும். கத்தியை நெம்புகோலாக்கி உடைத்தவருக்குப் பொருந்தாது.

கல்லுக்கும் காசு

கத்திக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் தீட்டுக்கல்லுக்கு வைக்க வேண்டும். இதைச் சொல்லும் விற்பனையாளர் குறைவு. ஆனால் எவ்வளவு விலை கொடுத்த கத்தியும் தீட்டாவிட்டால் சில வாரங்களில் சந்தைக் கத்தியாகிவிடும். மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது; விரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். சொரசொரப்பு ஒரு பக்கமும் மழமழப்பு மறு பக்கமும் உள்ள கல் ஒன்று போதும். நீர் தெளித்து, அலகைக் கல்லோடு சுமார் இருபது டிகிரி சாய்வில் வைத்து, இரு பக்கமும் சமமாக இழுத்துப் பழக வேண்டும். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் நீரின்றிப் பிடித்தால் அலகு சூடேறிப் பதம் போய்விடும். பிறகு கூர் நிற்காது.

விதைக்கிழங்கு நறுக்கும் கத்திக்கு இன்னொரு கடமையும் உண்டு. உருளைக்கிழங்கின் பாக்டீரியா வாடல் நோய், நோயுள்ள கிழங்கை நறுக்கிய கத்தி வழியாக நல்ல கிழங்குக்குத் தொற்றும். இடையிடையே கிருமிநாசினியில் நனைத்துத் துடைக்காத கத்தி, எந்த நாட்டில் செய்ததானாலும், பயிருக்குப் பகைதான்.

உள்ளூர்க் கொல்லர்?

'இத்தனை சொல்வானேன், உள்ளூர்க் கொல்லரிடம் அடித்துக்கொள்ளக் கூடாதா?' என்று கேட்கலாம். அரிவாளையும் வெட்டுக்கத்தியையும் பொறுத்தவரை அவரிடம்தான் போக வேண்டும். நிலத்துக்கும் கைக்கும் ஏற்றபடி அவரைப் போல் எந்தக் கம்பெனியும் செய்து தராது. மடக்குக் கத்தியில் ஆணி, வில், பூட்டு மூன்றும் நூலளவு பிசகாமல் பொருந்த வேண்டும். ஒன்றைப் போல் ஒன்று ஆயிரம் கத்தி வரவேண்டும். அதற்குக் கருவியும் முதலும் தேவை. ஆனால் ஒபினேலின் தந்தையும் கோடரி அடித்தவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் கொல்லர் ஒருவர் தம் முத்திரையைக் குத்தி, 'பழுதானால் என்னிடம் கொண்டு வா' என்று சொல்லும் நாளில், அந்த முத்திரைக்கும் நாலு காசு கூடக் கொடுக்க விவசாயி தயங்கக் கூடாது. தன் பூண்டுக்கு அதே மரியாதையைத்தானே அவர் சந்தையில் கேட்கிறார்?

கைம்மாறிக் கொடுக்கும்போது கத்தியைக் கீழே வைத்து எடுக்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். சண்டை வரும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். கை வெட்டுப்படாது என்பது உண்மைக் காரணம். ஆண்டுக்கொருமுறை ஆயுத பூஜையன்று மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் பக்கத்தில் இந்தச் சின்னக் கத்தியும் சந்தனம் குங்குமத்தோடு இருக்கப் போகிறது. அன்று அதன் அலகில் தீட்டிய தடமும், பிடியில் கைபட்ட மெருகும் தெரிய வேண்டும். வாங்கிய பளபளப்பு மாறாமல் இருந்தால், கொடுத்த பணம் கத்திக்குப் போகவில்லை, பெயருக்கே போயிற்று என்று அர்த்தம்.